வாய் கட்டிய பாடவேளை

தொண்டைமானாற்றில் சோளகக் காற்று வீசும் மாதங்களில், மத்தியானம் திரும்பிய பிறகு நடக்கும் பாடமெல்லாம் அரைத் தூக்கத்தில்தான் நடக்கும். கடலேரிப் பக்கமிருந்து காற்று மணலையும் உப்பையும் அள்ளிவந்து வகுப்புக்குள் கொட்டும். பிள்ளைகளுக்குக் கண் சொக்கும். எனக்கும் சொக்கும். சம்பளம் வாங்குகிறவள் என்பதால் நான் நின்றுகொண்டே சொக்குவேன்.

பத்தாம் வகுப்புக்கு ஒலியைப் படிப்பிக்க வேண்டியிருந்தது. சத்தம் கேட்டால் தானாக விளக்கைப் போடும் ரிலே சுவிட்ச் ஒன்றை யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் வாங்கி வந்திருந்தேன். சட்டைப் பொத்தான் அளவு மைக் ஒரு துண்டில், ரிலே என்ற நீலப் பெட்டி இன்னொரு துண்டில். மைக்கில் சத்தம் பட்டதும் நீலப் பெட்டி 'டிக்' என்று மூடிக்கொள்ளும். பற்றரியில் பூட்டிய சின்னக் குமிழ் ஒரு கணம் எரிந்து அணையும். அந்த 'டிக்' சத்தமே திரும்ப மைக்கில் போய் விழாதபடி, பெட்டியைப் பழந்துணியில் சுற்றி மேசையின் மறு கரையில் வைத்தோம்.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது மந்தமாகிப் போனவள். காதில் போடும் மெஷினைப் புத்தகப் பையின் அடியில் ஒளித்து வைத்திருப்பாள். எங்கள் வாயசைவைப் பார்த்தே பாதியை விளங்கிக்கொள்வாள். முன்பு படித்த பள்ளிக்கூடத்தில் அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். எங்களிடம் வந்து இரண்டு பள்ளித் தவணை முடிந்தும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவளுடைய அம்மா ஒருநாள் பள்ளிக்கூடப் படலையடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டிலை நல்லாக் கதைப்பாள் ரீச்சர். வெளியிலைதான் வாய் திறக்கிறாள் இல்லை. ஒருக்கா வகுப்பிலை கதைச்சாளெண்டால் எனக்குக் காணும்."

அதுவே போதும் என்ற அந்த 'காணும்' என்னை விடவில்லை. எப்படிக் கதைக்க வைப்பது என்றும் தெரியவில்லை. கேள்வி கேட்டால் தலை குனிவாள். கேட்காமல் விட்டால், அவளை ஒதுக்கிவிட்டதுபோல என் மீதே எனக்குக் கோபம் வரும்.

பரிசோதனை சுலபமானது. புளியங்கொட்டை ஒன்றைத் தகர மூடியில் போட வேண்டும். எவ்வளவு தூரம் தள்ளிப் போடும்வரை குமிழ் எரிகிறது என்று பார்க்க வேண்டும். குமிழைக் கண்ணால் பார்த்து அறிவிக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தேன். எரிந்தால் கையை உயர்த்துவாள். மைக்குக்குக் கிட்டவே அவளுக்குக் கதிரை.

வேலை தொடங்கியதும் தொல்லையும் தொடங்கியது. காற்றுக்குக் குமிழ் எரிந்தது; யன்னல்களைச் சாத்தினோம். தெருவில் பாண் விற்றுவரும் வண்டியின் பாட்டுக்கு எரிந்தது. அது ஒழுங்கை திரும்பிப் போகும்வரை காத்திருந்தோம். பிறகு யாரோ மூச்சு விட்டதற்கு எரிந்தது, அதைப் பார்த்து யாரோ சிரித்ததற்கும் எரிந்தது. அப்போது பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவன், சந்நிதிக் கோயிலில் பூசை செய்கிற மாதிரி எல்லாரும் வாயைக் கட்டுவோமா என்று கேட்டான். எங்கள் ஊர் முருகனுக்கு மந்திரம் கிடையாது. பூசை செய்பவர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மௌனமாகத்தான் பூசை செய்வார். வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த யோசனை வந்திருக்காது. பைகளிலிருந்து முகம் துடைக்கும் லேஞ்சிகள் வெளியே வந்தன. நானும் என்னுடையதைக் கட்டிக்கொண்டேன்.

முதலில் விளையாட்டாகத்தான் கட்டினார்கள். ஆனால் துணி வாயில் ஏறியதும் பிள்ளைகளின் முகம் மாறிவிட்டது. கர்ப்பூரம் காட்டும் நேரத்து முகம். யன்னல் நீக்கலால் வந்த வெயிலில் தூசி மிதந்தது. வகுப்பே தண்ணீருக்கடியில் இறங்கிவிட்டது போலிருந்தது. எனக்கு நேரம் மறந்துபோயிற்று.

அந்த அமைதிக்குள் குமிழ் எரிந்தது.

புளியங்கொட்டை வைத்திருந்தவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள், தான் இன்னும் போடவில்லை என்று. குமிழ் அணைந்து மறுபடி எரிந்தது. யாரோ மெல்ல ஊஞ்சல் ஆட்டுவது போல ஒரு ஒழுங்கில் எரிந்து எரிந்து அணைந்தது. ஒரு நொடி பேய் பிசாசு என்றுகூட நினைத்தேன், விஞ்ஞான ரீச்சராம். பிறகுதான் காது கொடுத்தேன்.

குமிழைப் பார்த்துக்கொண்டிருந்த அவள்தான் முனகிக்கொண்டிருந்தாள். வாய் மூடியபடியே, ராகமென்று சொல்ல முடியாத ஒரு இழுவை. வேலையில் மனம் ஊன்றினால் அவளுக்கு அது வந்துவிடும். வகுப்பு முழுவதற்கும் அது பழகிப்போன சத்தம், அதனால் தனியாகக் காதில் ஏறவில்லை. அவளுக்கு மட்டும் அப்படியொரு சத்தம் இருப்பதே தெரியாது. நாங்கள் ஒருவரும் சொன்னதுமில்லை.

பையன்களின் குறும்பென்று நினைத்து அவள் முறைத்துப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழை நோக்கிக் குனிந்தாள். அது எரியவில்லை. மூச்சை விட்டு நிமிர்ந்து சாய்ந்தாள், முனகல் தானாக வந்தது, குமிழ் எரிந்தது. அவளுடைய கை மெதுவாகத் தொண்டைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

இனி இந்த முனகலும் நின்றுவிடும், இருந்த கொஞ்சத்தையும் நானே இந்தப் பெட்டியால் பறித்துவிட்டேன் என்று பதறினேன். அவள் லேஞ்சியைக் கீழே இழுத்துவிட்டு எங்கள் எல்லாரையும் பார்த்தாள்.

"இவ்வளவு நாளும் உங்களுக்குக் கேட்டதா?"

சொற்கள் கொஞ்சம் வழுக்கித்தான் வந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் குமிழ் எரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள், அவளுக்கு வாய் தெரியவேண்டும் என்று தன் லேஞ்சியை அவிழ்த்தாள்.

"ஓம். நீ நிப்பாட்டினால்தான் எங்களுக்கு ஒருமாதிரிக் கிடக்கும்."

அவ்வளவுதான், எல்லா லேஞ்சிகளும் அவிழ்ந்தன. அது எந்தப் பாட்டு, வீட்டிலும் பாடுவாயா என்று ஆளாளுக்குக் கதைக்கத் தொடங்கினார்கள். நானும் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் நினைவில்லை, கண் கலங்கியிருந்தது மட்டும் தெரியும். குமிழ் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். முகத்தில் கடுப்பு ஏறியது. கதிரையை விட்டு எழும்பி, என்னையும் சேர்த்துத்தான், உரத்த குரலில் ஏசினாள்.

"சத்தம் போடாதேங்கோ. நான் எப்பிடிப் பாக்கிறது?"

நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம்.