மயூர் விஹாரிலிருந்து கம்ப்யூட்டர் பார்க்கும் டாக்டரிடம்

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். என் மகன் நிகில் இப்போதுதான் மறுபடி கண்ணயர்ந்தான். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆக்ரா பதிவை எதிர்பார்த்தவர்கள் கோபிக்க வேண்டாம். இது யமுனையைத் தாண்டி ஒரு டாக்டரைப் பார்த்துவந்த கதை.

வியாழக்கிழமை விடியும்போதே, "அம்மா, காது தர்த் பண்ணுது" என்று பாதி இந்தியில் வலியைச் சொல்லி அழுதுகொண்டு எழுந்தான். மூன்றரை வயது. லேசான காய்ச்சல். இந்தக் குளிர்காலத்தில் மட்டும் பக்கத்து கிளினிக்கில் மூன்று தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்று; மூன்று தடவையும் வயிற்றுப்போக்கு. நான்காவதுக்கு மனம் வரவில்லை. லக்ஷ்மிபாய் நகரில் ஒரு தமிழ் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். படித்தது மறந்துபோய்ப் பார்க்கிறாரா, வேறு ஏதாவதா? பயம் பாதி, ஆவல் பாதி.

ஒன்பதரைக்கு ஆட்டோ. மீட்டர் வழக்கம்போல "கராப்", ரிப்பேராம். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 220 ரூபாய். நிஜாமுதீன் பாலத்தில் பனிமூட்டம். லோதி ரோடு வழியாக ஐம்பது நிமிடம். எங்கே போகிறோம் என்று சொன்னதும் டிரைவர் இந்தியில் சிரித்தார்: "எங்க பண்டிட்ஜியும் கம்ப்யூட்டர்லதான் ஜாதகம் பாக்கறார், பெஹன்ஜி!"

டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும், மதுரைப் பேச்சு. காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, திரையை என் பக்கம் திருப்பினார். எந்த நோய்க்கு என்ன செய்யலாம் என்று ஆராய்ச்சிகளை அலசித் தொகுத்த சி.டி.யாம்; அவ்வப்போது புதுசு வருமாம். சிறு பத்திகள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஓர் எழுத்து.

"ஏ-ன்னா நல்ல ஆராய்ச்சி நிறைய இருக்குன்னு அர்த்தம்மா. டி-ன்னா ஆதாரம் கிடையாது, அனுபவத்துல சொல்றது. இந்தா பாருங்க, ஏ. ரெண்டு வயசு தாண்டுன பிள்ளைக்கு இந்த மாதிரி லேசான காது வலி முக்காவாசி தானாவே சரியாயிரும்."

"வெதுவெதுப்பா பூண்டு எண்ணெய் விடலாமா டாக்டர்? எங்க பக்கம் எல்லாரும் விடுவோம்."

தட்டிப் பார்த்தார். "டி-ல கூட வரல! விடாதீங்க. எல்லாரும் விட்டிருப்பீங்க, வலி தானா போயிருக்கும், எண்ணெய் பேர் வாங்கியிருக்கும்."

வலிக்கு எடை பார்த்து பாராசிட்டமால். ஆன்டிபயாடிக் சீட்டும் எழுதினார், ஆனால் இப்போது வாங்கக் கூடாதாம். "சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாருங்க. வலி குறையலைன்னா வாங்குங்க. காய்ச்சல் ஏறுனாலோ, காதுக்குப் பின்னாடி வீங்குனாலோ, பிள்ளை துவண்டு போனாலோ காத்திருக்காம உடனே தூக்கிட்டு வந்திருங்க."

வெறுங்கையோடு வந்த என்னைப் பார்த்து டிரைவர் கேட்டார்: "மருந்தே தரலையா? அப்போ ஃபீஸை வாபஸ் வாங்கினீங்களா?"

சிரித்தேன். ஆனால் பாலம் தாண்டும்வரை எனக்கும் அதே நினைப்புதான். ஊரையே கடந்து போய், ஒன்றும் செய்யாமல் இருக்கக் கற்றுக்கொண்டு வருகிறேனா?

போகிறவர்களுக்கு: பத்தரைக்குள் சேர்ந்துவிடுங்கள், பிறகு கூட்டம். குழந்தையின் எடை தெரிந்திருக்கட்டும். பழைய மருந்துச் சீட்டுகளையும் கொண்டுபோங்கள். கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். அவர் தேடிக் காட்டுகிறார்.

இனி என் விஷயம். வியாழன் ராத்திரி வலியில் அழுதழுதுதான் தூங்கினான். நேற்று, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் முழுக்க விளையாடினான், இரண்டு தோசை சாப்பிட்டான், காய்ச்சல் இல்லை. பதினொரு மணிக்குக் காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுதான். பாராசிட்டமால் கொடுத்தேன். காதுக்குப் பின்னால் விளக்கடித்துப் பார்த்தேன்; வீக்கம் இல்லை. சீட்டு என் பர்ஸில் இருக்கிறது. கீழே மருந்துக்கடை ஒன்பதுக்குத் திறக்கும். டாக்டர் சொன்ன கெடுவோ இன்று மதியம் வரை.

உங்களில் யாராவது இப்படிக் காத்திருந்தீர்களா? இரண்டாவது இரவும் அழுத குழந்தைக்கு அப்புறம் என்ன ஆயிற்று? நீங்கள் சொல்லப்போவது 'டி' ரகம்தான், தெரியும். பரவாயில்லை, ஒன்பதுக்குள் பதில் எழுதுங்கள்.