முதலைக்கு முன்னால் ஒரு போட்டோ

பல்லாவரத்தில் இருக்கும் என் ஓரகத்தி அந்தமான் போய்வந்து, அலையாத்திக் காட்டு மரப்பாலத்தில் நின்ற போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தாள். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. என் வீட்டுக்காரரை நச்சரித்து, தாம்பரத்திலிருந்து நாங்களும் கிளம்பிவிட்டோம்.

அவள் பாலத்தில்தானே நின்றாள், நான் வேர் மேலேயே நிற்கிறேன் என்று அதே பாலத்தின் கம்பியைத் தாண்டி இறங்கினேன். போட்டோ எடுத்துக்கொண்டிருந்த அவர், "ஐயோ, மேல ஏறு! பின்னாடி முதலை!" என்று கத்தினார். நான் மரக்கட்டை என்று நினைத்தது நகர்ந்தது. கையைப் பிடித்து இழுத்துப் போட்டார். செருப்பு சேற்றோடு போயிற்று.

ஊர் திரும்பியதும் ஓரகத்தியிடம் முதலைக் கதையைச் சொன்னேன்.

"ஒண்ணுதானாக்கா? நாங்க ரெண்டு பார்த்தோம்" என்றாள்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் கம்பிக்கு இந்தப் பக்கமே நிற்கிறேன். அவள் ஸ்டேட்டஸையும் மியூட்டில் போட்டுவிட்டேன்.