தம்பி பூட்டி வைத்த கொக்கி

வீட்டில் என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். கிள்ளானில் போல்ட் செய்யும் ஃபேக்டரியில் பல வருஷமாகத் தரம் பார்ப்பவள் நான். எதையும் லேசில் நம்பினால் என் வேலை நடக்காது.

தம்பி ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் முதுகில் கொக்கிகள் மாட்டிச் சிறிய தேர் இழுப்பான். அந்த வருஷம் பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பு, முலாம் இல்லாத பழைய கொக்கிகளுக்குப் பதிலாக, பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் புதுக் கொக்கிகள் கொண்டுவந்தான். கடினமாக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மேலே தங்க நிற முலாம். போட்டோவில் எடுப்பாக இருக்குமாம். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"முலாம் போட்ட உடனே ஓவன்ல வச்சாங்களாடா?"

"கேக்கா சுடுறாங்க? எவர்சில்வர் அக்கா, ஒண்ணும் ஆகாது லா."

எவர்சில்வருக்கு எதுவும் ஆகாது என்பதில் நம் ஆட்களுக்கு அப்படியொரு நம்பிக்கை. முலாம் போடும் முன் ஆசிட்டில் முக்குவார்கள். அப்போதே ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். முலாம் ஏறும்போது இன்னும் புகும். உடனே சில மணி நேரம் சூடேற்றினால்தான் வெளியேறும். இல்லையென்றால் பார்க்க நன்றாகவே இருக்கும். பாரம் இழுக்கும்போது வளையாமல், சொல்லாமல் கொள்ளாமல் முறியும்.

முலாம் கடைக்குப் போன் செய்தேன். "எல்லாம் செஞ்சாச்சு ஆன்டி" என்றது ஒரு குரல். எத்தனை மணி நேரம் சூடேற்றினீர்கள் என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

ஒரு கொக்கியை ஜன்னல் கம்பியில் கட்டி, பத்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டேன். மறுநாள் எனக்கு விடுமுறை. தம்பி வேலைக்குப் போயிருந்தபோது பை தொப்பென்று விழுந்தது. கொக்கி இரண்டு துண்டு.

மாலையில் வந்தவன் துண்டுகளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"நீதானே உடைச்சே? நான் தேர் இழுக்கிறது உனக்கு எப்பவும் புடிக்காது."

பிடிக்காதுதான். அவன் முதுகில் கொக்கி ஏறுவதை நான் நின்று பார்த்ததே இல்லை. ஆனால் உடைத்தேன் என்றானே, அதுதான் சுருக்கென்றது.

மறுநாள் காலை அவனே இன்னொரு கொக்கியில் பையைத் தன் அறையில் தொங்கவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியோடு வேலைக்குப் போனான். கூடப் பிறந்தவள் மேல் எவ்வளவு நம்பிக்கை! நானும் ஃபேக்டரிக்குப் போனேன்.

மாலை ரயிலில் திரும்பியபோது அவன் அறை திறந்திருந்தது. தரையெல்லாம் அரிசி. நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான், உள்ளங்கையில் முறிந்த கொக்கி. இன்னொரு கை முதுகுப் பக்கம் போய்ப் பழைய தழும்புகளைத் தடவிக்கொண்டிருந்தது. என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"பழைய கொக்கிங்கள எங்கக்கா வச்சிருக்கே?"

சாமி மேடைக்கு அடியில் வைத்திருந்தேன். சொல்ல எனக்கு மனமே இல்லை. சொன்னேன்.