நான் சொல்லாத யோசனை

"பாப்பா, நீ சொன்ன மாதிரியே பண்ணிடறேன். பாங்குக்குத்தான் வந்திருக்கேன்" என்று அப்பா சிதம்பரத்திலிருந்து போன் செய்தபோது, நான் கடலூரில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் என்னப்பா சொன்னேன்? சீக்கிரம் சொல்லு, அடுப்புல வேலையா இருக்கேன்."

"அதான் வீடியோல சொன்னியே, ஷேர் வாங்கச் சொல்லி. எஃப்.டி.ய உடைச்சி உங்க கம்பெனியிலியே போட்டுடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் பங்குதாரர்களுக்காகத் தமிழில் பாட்காஸ்ட் நடத்துபவள் நான். மூன்று மாதத்துக்கொரு முறை திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கத்து மாடியறையில் உட்கார்ந்து, லாபம் ஏன் குறைந்தது, சரக்கு ஏன் தேங்கியது என்று நிர்வாக இயக்குநரைக் கேட்பேன். ரயில் ஊதினால் நிறுத்துவோம், போனதும் தொடர்வோம். 'பங்கு வாங்கச் சொல்லும் யோசனை இல்லை இது' என்று சொல்லாமல் ஒருநாளும் முடித்ததில்லை. நானாவது, வாங்கச் சொல்வதாவது!

"அத எனக்கு அனுப்பு. நான் சொல்ற வரைக்கும் கையெழுத்து எதுவும் போடாத."

அனுப்பினார். திரையில் இறால் குட்டை, வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள். பின்னால் என் குரல். "நம்ம ஊரு கம்பெனிங்க. ரிட்டையர்மென்ட் பணத்த பாங்குல தூங்க விடாதீங்க. தைரியமா போடுங்க." நடுவே ஒரு சிரிப்பு. மூக்கில் போய் முடிகிற அந்தக் கோணல் சிரிப்பு, சாட்சாத் என்னுடையதேதான். நான் ஜென்மத்தில் சொல்லாததெல்லாம் என் குரலில் வந்துகொண்டிருந்தது. தோசை கருகியதுகூடத் தெரியவில்லை.

கம்பெனியில் பங்குதாரர் விவகாரம் பார்க்கும் அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"சூப்பரா வந்திருக்குல்ல மேடம்? ஏஐ-ல பண்ணது. மைக் டெஸ்ட்டுன்னு சொல்லி காய்கறி பேரு, ஊரு பேரெல்லாம் படிக்க வெச்சோமே, அத வெச்சித்தான். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்! "யாரக் கேட்டுய்யா என் தொண்டைய எடுத்தீங்க? எங்கப்பா அத நம்பி, இருக்கறத எல்லாம் எடுக்க பாங்குல நிக்கறாரு!" என்று கத்தினேன்.

"பாத்தீங்களா, ஜனங்களுக்கு நல்லா ரீச் ஆயிருக்கு" என்றார் அந்த மனுஷன். பதிலுக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. வீடியோவை எடுத்துவிடுகிறேன் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். வாட்ஸ்அப்பில் போனது போனதுதானாம்.

அப்பாவைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பஸ் பிடித்து, வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனேன். அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ரிட்டையரானபோது வந்த பணம் முழுவதும் அந்த எஃப்.டி.யில்தான் இருக்கிறது. அம்மா போன பிறகு நான் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. அந்த வேதவாக்கைத்தான் எவனோ கம்ப்யூட்டரில் போட்டு அரைத்திருக்கிறான்.

சிதம்பரத்தில் தெற்கு வீதி பாங்குக்குள் ஓடினேன். அப்பா ஜன்னலோர நாற்காலியில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். "சர்வர் டவுனாம், காலைலேர்ந்து உக்கார வெச்சிருக்கான்" என்று அலுத்துக்கொண்டார். அந்த வார்த்தையைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"ப்பா, அது நான் இல்ல."

"பெத்தவனுக்குப் புள்ள கொரலு தெரியாதா?"

"மிஷினுப்பா. என் கொரல எடுத்து மிஷின் பேசுது. அதுல சொன்ன எதுவும் நான் சொன்னதில்ல."

அவர் நம்பவில்லை. கம்பெனியோடு எனக்கு ஏதோ சண்டை, அதனால் மறைக்கிறேன் என்று நினைத்தார். போனை எடுத்து வீடியோவைப் போட்டுக் காதோடு வைத்துக்கொண்டார். கண்ணை மூடி முழுவதும் கேட்டார். அதற்குள் சர்வர் வந்துவிட்டது. அவருடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். எனக்கு உயிரே போய் வந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை.

"ஆமாம்மா" என்றார். "இது நீ இல்ல."

"அப்பாடா! இப்பவாச்சும் தெரிஞ்சிதா?"

"ராத்திரிலேர்ந்து எத்தினி வாட்டி கேட்டேன் தெரியுமா? பங்குன்னா என்னா, வட்டிக்கும் அதுக்கும் என்னா வித்தியாசம்னு எவ்ளோ பொறுமையா சொல்லுது. ஒரு வாட்டிகூட சலிச்சிக்கல. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

குறையாகச் சொல்லவில்லை. எப்படிக் கண்டுபிடித்தேன் பார் என்பதுபோலத்தான் சொன்னார். அந்த வீடியோவை அழித்துவிடும்படி சொன்னேன்.

"பணமெல்லாம் போட மாட்டேம்மா, பயப்படாத" என்று அப்பா போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது மட்டும் இருந்துட்டுப் போவட்டும்."