நீலத்தில் விழாத கோடு

நேற்று என் கூடப்பிறந்த அக்காவின் மகள் தன் நிச்சயதார்த்த மோதிரத்தின் சான்றிதழைக் காட்டினாள். நீலக்கல் எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அதில் ஒரு வரைபடம். பார்த்ததும் எனக்கு வாழ்த்த வாய் வரவில்லை. மூக்கில் றப்பர் ஒட்டுப்பால் நாற்றம் ஏறியது, கூடவே என் பழைய முதலாளியின் முகமும். அந்த மனுஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் இரத்தினபுரியில் ஒரு கல் வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். உயர்தரப் பரீட்சைக்குப் பௌதிகவியல் படித்த றப்பர் தோட்டத்துப் பெண் என்று கொஞ்சம் தலைக்கனம். மேசையில் விரல் நீளத்தில் ஒரு நிறமாலைகாட்டி. கல்லுக்கு அடியில் டோர்ச் அடித்து அதன் வழியே பார்த்தால் வானவில் விரியும். கல்லுக்குள் இருக்கும் அணுக்கள் தமக்கு வேண்டிய நிறத்தை மட்டும் விழுங்கிவிடும். விழுங்கிய இடத்தில் கறுப்புக் கோடு. நீலக்கல்லில் இரும்பு இருந்தால் நீலப் பகுதியில் ஒரு கோடு விழும். தொழிற்சாலையில் செய்த கல்லில் விழாது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அந்தப் புத்தகம் எந்த ஊர்க் கல்லைப் பார்த்து எழுதியது என்று நான் யோசிக்கவில்லை.

ஒட்டுப்பால் நாற்றம் லெட்சுமி அக்காவுடையது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பரா, றப்பர் பால் வெட்டுபவர். ஓடையில் கிடைத்த கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு, வெட்டு முடிந்த கையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். ஒரு மூலையில் வெள்ளைத் திட்டு உள்ள நீலக்கல்.

“பாப்பா, நீயே பாத்து சொல்லு. நல்ல கல்லுன்னா பத்து பேர்ச் காணி வாங்கி லயத்த விட்டு போயிருவோம்.”

முதலாளி என்றைக்கும் இல்லாத மரியாதையோடு கல்லை என்னிடம் நீட்டினார். மூன்று முறை பார்த்தேன். கோடு இல்லை.

“இது மெஷின்ல செஞ்ச கல்லு அக்கா,” என்றேன். மெஷினில் செய்த கல்லை ஓடையில் யார் கொண்டுபோய்ப் போட்டார்கள் என்றுகூட இந்த மேதைக்குத் தோன்றவில்லை. முதலாளி அதைச் சில்லறைக்கு வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதத்தில் அதே வெள்ளைத் திட்டோடு, பட்டை தீட்டிய கல் கொழும்புக்காரர் ஒருவரின் முன்னால் இருந்தது. அவர் அதை அசல் கல்லின் விலைக்கு வாங்கிக்கொண்டு போனதும் கேட்டேன். முதலாளி சிரித்தார்.

“நம்ம ஊர் கல்லுல இரும்பு கம்மி, அனேகமா கோடு விழாது. உனக்கு அது தெரியாதுன்னுதானே பாக்க சொன்னேன்.”

மூஞ்சியில் காறித் துப்பிவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். துப்பவில்லை. இன்னும் இரண்டு வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஆளின் சம்பளத்தில் சோறு தின்றேன். அக்காவிடமும் சொல்லவில்லை. சொல்லப் போகும்போதெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்.

இன்று அந்தக் கடை இல்லை. லயத்தில் எங்கள் பக்கம் இடிந்து புல் மண்டிவிட்டது. லெட்சுமி அக்கா அந்தக் காம்பராவிலேயேதான் கண்ணை மூடினார். ஓடையில் கல் கிடைத்ததாமே என்று யார் கேட்டாலும் கடைசிவரை ஒரே பதில்தான் சொன்னாராம்: “அது பொய்க் கல்லுங்க. நம்ம புள்ளயே பாத்து சொல்லிருச்சு.”