தொடாத அணுக்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டங்ஸ்டன் கம்பியை அரித்து, நுனியில் ஓர் அணு மட்டும் நிற்கும்படி கூராக்குவதில் அவளுக்கு நிகர் இல்லை என்பார்கள். அது மிகை. ஆனால் பொறுமை அவளுக்கு உண்டு.

அந்த ஊசியைக் கடுங்குளிரில் ஒரு வெள்ளித் தகட்டின்மேல் கொண்டுபோய், அதில் தனித்தனியே உட்கார்ந்திருக்கும் கோபால்ட் அணுக்களை அளப்பது அவள் வேலை. அணுவில் காந்தம் இருந்தால் திரையில் ஓடும் கோட்டில் சிறு பள்ளம் விழும். வெள்ளிக்கிழமை ஊசிவழி ஒரு மின்துடிப்பு கொடுப்பாள். ஊசியின் அதிர்வு அடங்கியபின், திங்கட்கிழமை அளந்தால் பள்ளம் இருக்காது. இப்படி நாற்பத்தொரு முறை. தனி அணுவின் காந்தத்தை அணைக்கக் கற்றுவிட்டோம் என்று பேராசிரியர் நிதி தருகிறவர்களுக்கு எழுதி அனுப்பினார். வரும் வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் நம்பினால்தான் கூடம் நீடிக்கும், அவளுடைய ஒப்பந்தமும் நீடிக்கும். நாற்பத்தேழு வயதில் இந்தக் கைக்கு வேறெங்கும் வேலை கிடையாது.

போன வெள்ளி அவளுக்குக் காய்ச்சல். துடிப்பு கொடுக்க ஆளில்லை. திங்களன்று வழக்கம்போல் அளந்தாள். முன்பு பள்ளம் காட்டியிருந்த, யாரும் தொடாத ஒன்பது அணுக்களில் ஏழு அணைந்திருந்தன.

காற்றை எவ்வளவு உறிஞ்சி எடுத்தாலும் தகடு இருக்கும் கலத்துக்குள் மிஞ்சிவிடும் ஹைட்ரஜன், மெல்ல வந்து அணுவில் ஒட்டிக் காந்தத்தைக் கெடுத்திருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கிறது, நாற்பத்தொரு முறையும். தொடாத அணுவை அளந்து பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒன்று நாம் செய்தபின் நடந்தால் நம்மால்தான் நடந்தது என்று நினைக்க அதிக அறிவு தேவையில்லை.

அவளை நேர்மையானவள் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. செவ்வாய் முழுதும் வாய் திறக்கவில்லை. வீட்டில் கணவனிடம் மட்டும் சொன்னாள். பேருந்து ஓட்டுகிறவர் அவர்.

"தானா அணைஞ்சா ஃபியூஸ் போச்சுன்னு சொல்லுவோம்" என்றார். "நீங்க அதைக் கண்டுபிடிப்புங்கறீங்க." அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

புதனன்று பேராசிரியரிடம் வரைகோடுகளைக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"அப்போ ஆறு வருஷமா நாம என்னம்மா பண்ணோம்?"

"பாத்துக்கிட்டிருந்தோம் சார்."

நாளை ஒரு நாள் மட்டும் பேசாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டார். கேட்டது உத்தரவு போல இல்லை. கூடம் போனால் அவர் வேலையும் போகும், வீட்டில் இரண்டு மகள்கள். அவள் தலையசைத்தாள்.

வியாழனன்று பேராசிரியர் நன்றாகவே பேசினார். கடைசியில் குழுவில் ஒருவர், தொடாத அணுவை எப்போதாவது அளந்தீர்களா என்று சாதாரணமாகக் கேட்டார். பேராசிரியர் தண்ணீர்க் குவளையை எடுத்தார், குடிக்கவில்லை.

"அளந்தேங்க" என்றாள் அவள். "அதுவும் அணைஞ்சிருந்துச்சு."

கேட்டவர் குறித்துக்கொண்டு, நன்றி என்றார்.

மாதக் கடைசியில் கருவியைக் குளிர்விக்கும் திரவம் கூடத்துக்கு வருவது நின்றது. அவள் மூன்று இடங்களுக்கு விண்ணப்பம் எழுதினாள். தெரிந்த வேலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், மூன்றிலும் அதைக் காலியாக விட்டாள்.