நாற்பத்தொரு கொட்டாவி

மாப்பிள்ளையூரணி வளனுக்குக் கொட்டாவி விடத் தெரியாது. பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த காரியம் ஐம்பத்திரண்டு வயது ஆளுக்குத் தெரியாதா என்று நீங்கள் சிரிக்கலாம். தானாக வருகிற கொட்டாவியை யாரும் விடுவார்கள். வராத கொட்டாவியை வரவழைத்து விடுவதற்கு நடிப்பு வேண்டும். அது வளனின் பரம்பரையிலேயே கிடையாது. இல்லாத அந்த நடிப்பைத் தொழில் செய்கிற இடத்தில் போய்க் காட்டினான் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

அவன் பிறந்தது ஆலந்தலையில். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனார்கள். இவனுக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினாலே குமட்டும். "கடக்கரையில பெறந்துட்டு கடலப் பாத்து வாந்தி எடுக்கவன் நீ ஒருத்தந்தாம்ல" என்று சொல்லி, பத்தொன்பது வயதில் அப்பாவே லாரிக்கு அனுப்பிவைத்தார். முதலில் உப்பு லாரி, பிறகு வெளியூர் லைனில் துறைமுகத்துக் கன்டெய்னர் டிரெய்லர். முப்பத்து மூன்று வருடம் ஓட்டிவிட்டான். இந்த முப்பத்து மூன்று வருடத்தில் அவன் சக்கரத்தில் ஓர் ஆட்டுக்குட்டிகூட அடிபட்டதில்லை. அதில் பாதிப் பெருமை பிலோமினாவுக்குச் சேரும்.

பிலோமினா மணப்பாட்டுக்காரி. கல்யாணமான புதிதில் அவன் உப்பு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் இவளும் ஒரு பொட்டலம் பொரிகடலையோடு ஏறி இடப்பக்கம் உட்கார்ந்துவிடுவாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் இமை கொஞ்சம் சரிந்தால் போதும், கை நீட்டி இடது காது மடலைப் பிடித்துத் திருகுவாள். "தூக்கமா வருது? ஓரங்கட்டி மூஞ்சியக் கழுவிட்டு வாரும், ஆமா சொல்லிட்டேன்." எதைச் சொன்னாலும் அந்த 'ஆமா சொல்லிட்டேன்' இல்லாமல் அவளுக்குப் பேச்சு முடியாது.

அந்தப் பிலோமினா குவைத்துக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது. ஒரு வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை. மகள் ஜெஸ்லினின் படிப்புக்கென்று போனாள். பிறகு மகள் கல்யாணத்துக்கென்று இருந்தாள், பிறகு வீடு கட்டவென்று இருந்தாள். இப்போது மகள் திருச்சியில் குடித்தனம் நடத்துகிறாள். வீடும் எழுந்துவிட்டது. குசினியில் புதுப் பாத்திரமெல்லாம் ஸ்டிக்கர் கிழிக்காமல் அடுக்கியிருக்க, வளன் கடையில் புரோட்டா தின்றுவிட்டு வந்து படுக்கிறான். ஏழு வருடத்தில் அவள் இரண்டு தடவைதான் வந்துபோனாள். வெள்ளிக்கிழமை மட்டும் பத்து நிமிடம் போன் பேசலாம். அதில் பாதியை 'கேக்குதா, கேக்குதா' என்பதே தின்றுவிடும்.

போன ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவளே வாய் திறந்து சொன்னாள். டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கிறாயா என்று அக்டோபர் கடைசியில் கேட்பார்கள். "நீரு அதுவரைக்கும் லைன் வண்டிய விடாம நின்னேருன்னா, நான் மாட்டேன்னு சொல்லிட்டு வந்துருதேன். ரெண்டு பேரும் கைய விரிச்சிட்டு உக்காரப்படாது, ஆமா சொல்லிட்டேன்." வளன் அன்றைக்கே காலண்டரில் டிசம்பர் தாளை மடித்து வைத்தான். வண்டியை விடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். முப்பத்து மூன்று வருடம் நின்றவனுக்கு நாலைந்து மாதம் பெரிய காரியமா?

ஜூலையில் கம்பெனி எல்லா டிரெய்லரிலும் கேமராவைக் கொண்டுவந்து மாட்டியது. ஒரு கண் ரோட்டைப் பார்க்கும், ஒரு கண் டிரைவர் மூஞ்சியைப் பார்க்கும். மூன்று மாதத்துக்கு ஒருவனுக்கு நூறு மார்க். கண் செருகினாலோ கொட்டாவி விட்டாலோ ஒரு மார்க் போகும், கோயம்புத்தூரில் இருக்கிற கன்ட்ரோல் ரூமிலிருந்து கேபினுக்குள் கூப்பிடுவார்கள். அறுபதுக்குக் கீழே போனவன் மறுபடியும் டெஸ்ட் கொடுக்க வேண்டும். தோற்றால் லைனிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

துறைமுகச் சாலையில் அருணாசலவடிவு அக்கா டீக்கடையில் அன்றைக்கு ஒரே கொதிப்பு. கிங்ஸ்டன் என்கிற இளவட்ட டிரைவர், "இத எல்லா வண்டிக்கும் சட்டமாவே கொண்டாரப் போறானுவளாம். மொதல்ல மொதலாளி கார்ல மாட்டச் சொல்லு" என்றான். எல்லாரையும்விட நீளமாகப் பேசியது வளன்தான். "முப்பத்து மூணு வருசம் ஓட்டுனவனுக்கு மறுபடியும் எட்டுப் போட்டுக் காட்டணுமாம். எங் கெட்டுன பொண்டாட்டியே என் மூஞ்சிய இப்பிடி உத்துப் பாத்ததில்லல" என்று சொல்லிக் கடையே சிரிக்கும்படி செய்தான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு எட்டயபுரம் விலக்குல கண்ணு செருகினப்ப இப்பிடி ஒண்ணு இருந்து எழுப்பி விட்டிருந்தா, நான் இங்கன டீ ஆத்திக்கிட்டு நிக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றாள். அதன்பிறகு ஆளாளுக்குக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

மூன்றாம் நாள் மதுரைக்கு லோடு. எப்போதும்வென்றான் என்கிற ஊரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்கு நடுவே ரோடு நேராக ஓடுகிறது. மதியம் இரண்டரை மணி வெயில். வளனுக்கு நிஜமாகவே ஒரு கொட்டாவி வந்தது. உடனே கேபினுக்குள் ஒரு பெண் குரல்: "வணக்கம் சார், உங்களுக்குச் சோர்வு இருப்பதாகத் தெரிகிறது."

"ஒண்ணுமில்லம்மா. சாப்பாடு கொஞ்சம் கூடிப்போச்சி."

பிறகு அதே குரல் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தது. "அண்ணாச்சிக்கு நம்ம பக்கமா? தூக்கமா வருது? ஓரங்கட்டி மூஞ்சியக் கழுவிட்டு வாங்க, ஆமா சொல்லிட்டேன்."

வளன் வண்டியை ஓரங்கட்டினான். முகம் கழுவவில்லை. ஸ்டேரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டான். பெயர் ஜெனிஸ், ஊர் மணப்பாடு, மதுரை ரோட்டு வண்டிகள் எல்லாம் தன் பங்கு என்றாள் அந்தப் பெண். அவன் மகளைவிடச் சின்னவளாக இருப்பாள். "சரி, லைன வைக்கேன், அடுத்த வண்டி கூப்பிடுது" என்று போய்விட்டாள். மதுரை போய்ச் சேரும்வரை வளனுக்குத் தூக்கம் வரவில்லை.

தூக்கமா வருதுன்னு ஒருத்தர் கேட்டு ஏழு வருடம் ஆயிற்று. அதுவும் அந்தப் பேச்சில், அந்த இழுப்பில். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது, ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்? மறுநாள் அதே இடம் வந்ததும் வளன் கேமராவை ஒரு தரம் பார்த்தான். வாயை ஆவென்று திறந்தான். குரல் வந்தது. யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம், அந்தப் பிள்ளை முகத்தைக்கூட அவன் யோசித்துப் பார்த்ததில்லை. அவனுக்கு வேண்டியது அந்தக் கேள்வி, பிறகு அந்த 'ஆமா சொல்லிட்டேன்'. அதைக் கேட்கும்போது இடப்பக்கத்து சீட் காலியாக இருப்பது அரை நிமிடம் மறந்துபோகும்.

ஆகஸ்டில் பனிமய மாதா திருவிழா வந்தது, போனது. பெருநாள் கூட்டத்தில் தனியாக நின்று கும்பிட்டுவிட்டு வந்த மறுநாள் மட்டும் நாலு கொட்டாவி விட்டான். மார்க் போவது அவனுக்குத் தெரியாமல் இல்லை. இன்றைக்கு ஒன்று, நாளையிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்றுதான் தினமும் நினைப்பான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவன் எவளை வரவழைக்க வண்டியில் நிற்க வேண்டுமோ, அவள் குரலுக்கு ஏங்கியே அந்த வண்டிக்கு உலை வைத்துக்கொண்டிருந்தான். செப்டம்பர் முடிவில் கணக்குப் பார்த்தார்கள். நாற்பத்தொரு கொட்டாவி. மார்க் ஐம்பத்தொன்பது.

அக்டோபர் கடைசி வாரத்தில் டெஸ்ட் எடுத்தவர் தேவதாசன். நாசரேத்துக்காரர், மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேதாகமத்தை வாசிக்கிற மாதிரிதான் எதையும் பேசுவார். கண்ணைச் சோதித்தார். சிவப்பு விளக்கைப் போட்டு பிரேக்கைப் பார்த்தார். நாற்பதடிக் கன்டெய்னரோடு கூம்புகளுக்கு நடுவே பின்னால் எடுக்கச் சொன்னார். ஒரு கூம்பும் அசையவில்லை. பிறகு அறைக்குக் கூட்டிப்போய் எதிரே உட்காரவைத்தார்.

"உமக்குக் கண் பழுதில்லை. கால் இருபது வயசுக்காரன் கால். அப்புறம் ஏன் இந்த நாற்பத்தொன்று? இரவில் உறக்கம் வராத வியாதி ஏதும் உண்டா?"

வியாதி என்றால் இன்றே இறக்கிவிடுவார்கள். இல்லை என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். நாளைக்கே அது டீக்கடைக்குப் போய்விடும்.

தேவதாசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். "கன்ட்ரோல் ரூமில் அந்தப் பிள்ளை ஒவ்வொரு அழைப்புக்கும் குறிப்பு எழுதியிருக்கிறாள். முதல் தடவை 'சோர்வு' என்று போட்டிருக்கிறாள். பாக்கி நாற்பதுக்கும் ஒரே குறிப்புதான். 'தூக்கம் இல்லை. பேச ஆள் இல்லை.'"

வளனுக்குக் காதெல்லாம் சூடேறியது.

"அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன். தூங்கப்போகிறவன் கேமராவைப் பார்த்துவிட்டா கொட்டாவி விடுவான் என்றாள்." தேவதாசன் சிரிக்கவில்லை. "இருநூறு வண்டிக்கு அங்கே மூன்று பிள்ளைகள். நீர் விளையாட்டுக்கு வாயைத் திறந்து அவளைப் பிடித்து வைத்திருந்த நேரத்தில், உண்மையாகவே கண் செருகின ஒருவன் அந்த லைனுக்குக் காத்திருந்தால்?"

அருணாசலவடிவு அக்காவின் முகம் வளனுக்கு முன்னால் வந்து நின்றது. அதற்குமேல் அவனால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். குவைத்தைச் சொன்னான், மணப்பாட்டுப் பேச்சைச் சொன்னான், டிசம்பரைச் சொன்னான். "தப்புதான் சார். வண்டி மட்டும் போச்சின்னா அவ வரமாட்டா சார்" என்று முடித்தான்.

தேவதாசன் கம்ப்யூட்டரைத் திருப்பிவைத்தார். "உம் முகத்தை நீரே பாரும்."

அதில் ஒருவன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நரைத்த தாடி, குழி விழுந்த கன்னம். கேமராவை ஓரக்கண்ணால் பார்க்கிறான். கோமாளிபோல வாயைப் பிளக்கிறான். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான். குரல் வந்ததும் அந்த முகம் மலர்ந்த மலர்ச்சி வளனுக்கே வெட்கமாக இருந்தது. அவன் கை, அவனுக்குத் தெரியாமலே மேலே போய், இடது காது மடலைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது.

இது அவனுக்கு அன்றுவரை தெரியாது. தேவதாசன் அடுத்ததைப் போட்டார். அதிலும் காதில் கை இருந்தது. நாற்பதிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"சார், இத ஒரு தடவ எம் போன்ல பிடிச்சிக்கிடட்டுமா?"

"அதற்கு அனுமதி கிடையாது" என்றார் தேவதாசன். பிறகு எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி, வெகுநேரம் தண்ணீர் குடித்தார்.

தீர்ப்பு சாயங்காலம் வந்தது. வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு லைன் கிடையாது. துறைமுகத்துக்குள்ளேயே யார்டுக்கும் கப்பலுக்கும் நடுவில் ஓட்ட வேண்டும், அதன்பிறகு இன்னொரு டெஸ்ட். கிங்ஸ்டன் டீக்கடையில், "அண்ணாச்சி, இப்ப சொல்லும், கேமரா வேணுமா வேண்டாமா?" என்று வம்புக்கு இழுத்தான். "இருக்கட்டும்ல. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தராவது பாக்கட்டும்" என்றான் வளன். அக்கா இன்னொரு டீயை ஆற்றி வைத்தாள்.

பிலோமினா சொன்ன நிபந்தனை உடைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை போனில் இதை எந்த வாயால் சொல்வது? வியாழக்கிழமையே அந்த அரை நிமிடப் படத்தை, ஒரு வார்த்தைகூட எழுதாமல், குவைத்துக்கு அனுப்பிவைத்தான். அன்றைக்குப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை அழைப்பும் வரவில்லை. சனிக்கிழமை கப்பலுக்கும் யார்டுக்கும் பன்னிரண்டு நடை அடித்தான், ஒவ்வொரு நடைக்கும் போனை எடுத்துப் பார்த்தான். இன்னும் இரண்டு வருடத்துக்கு அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போய், மடித்து வைத்த டிசம்பர் தாளை நீவிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் செருப்பைத் தேடும்போது போன் அதிர்ந்தது. குரல் செய்தி. சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று போனை வலது காதோடு ஒட்டிக்கொண்டான். முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

"கொட்டாவி விடக்கூடத் தெரியல உமக்கு. லைன் வண்டி கெடந்துட்டுப் போவுது. நான் மாட்டேன்னு சொல்லிட்டேன் அவுங்ககிட்ட. அந்தக் காத விடும். திருகுததுக்கு நான் வாரேன், ஆமா சொல்லிட்டேன்."

வளன் இடது காதிலிருந்து கையை எடுத்தான்.